சத்தமில்லாத படகும் மூடாத நான்கு முட்டைகளும்

ஜூலை மாதத்து இரண்டாவது ஞாயிறுக்கான பக்கத்தில், என் குறிப்பேட்டில் "முக்குளிப்பான், 4 முட்டை, அருமையாகத் தெரிந்தது" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு பொழுது சாய்வதற்குள் அந்தக் கூட்டில் ஒன்றும் இல்லை. நடுவில் நடந்ததைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்ததில், அந்த அடிக்கோடு போட்ட வரிதான் தவறுக்கான முதல் சாட்சி என்று தெரிந்தது. முக்குளிப்பான் என்ற சின்ன நீர்ப்பறவை கூட்டை விட்டு இறங்கும் முன் முட்டைமேல் பாசியை இழுத்துப் போட்டு மூடிவிடும். அப்படி ஒழுங்காக விட்டுப் போன கூட்டில் முட்டையை எண்ணவே முடியாது. எண்ண முடிந்தது என்றால் பறவை பதறி ஓடியிருக்கிறது என்று பொருள். இது புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். எங்கள் மூவருக்கும் முன்பே தெரிந்திருந்த விஷயமும்கூட. தெரிந்தும் மூன்று முறை எண்ணினோம்.

ஏரி

ஏரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கூடு இருக்கும் இடம் வெளியே தெரிந்தால் அடுத்த வாரமே கரையில் பத்து கேமராக்கள் நிற்கும். தாம்பரத்துக்குக் கிழக்கே ஒன்றின் உபரி நீர் அடுத்ததில் விழும்படி சங்கிலியாகக் கிடக்கின்றனவே, அந்த ஏரிகளில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளத்தில் கடலைத் தொடுகிறது. எங்கள் ஏரிக்குக் கீழே இன்று வயல் கிடையாது. மதகைத் திறக்க ஆளும் கிடையாது. கரையின் ஒரு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு, மறுபக்கம் சீமைக் கருவேலம். தென்மேற்கு மூலையில் ஆள் உயரத்துக்கு மேல் சம்புப் புல். நடுவே அல்லி, வேலம்பாசி, ஆங்காங்கே ஆகாயத்தாமரைத் திட்டு. காற்று வடக்கிலிருந்து அடித்தால் சாக்கடை வாடை வரும். அந்த வாடையோடுதான் இத்தனை பறவையும் இருக்கின்றன.

படகு எதற்கு என்று கேட்கலாம். சென்னையைச் சுற்றி நீர்ப்பறவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கரையில் நின்றே பார்க்கிறோம். வேடந்தாங்கலில் நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் தண்ணீரில் நிற்கும் மரங்களின் மேலே கூடு வைக்கின்றன. கரையில் நடந்தாலே போதும், கண்ணுக்கு நேரே தெரியும். 1798இல் அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அந்த ஏரிக்குப் பாதுகாப்பு கொடுத்த நாளிலிருந்தே அப்படித்தான். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணையை 200 அடி சாலையோரம் வண்டியை நிறுத்திப் பார்க்கிறோம். வனத்துறையின் காப்பு நிலம், படகு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் தண்ணீரின் மேலேயே கூடு வைக்கும் பறவைகள் வேறு வகை. முக்குளிப்பானுக்குக் கால்கள் உடம்பின் பின்கோடியில் இருக்கின்றன. நீந்தவும் முங்கவும் அதைவிட நல்ல அமைப்பு கிடையாது. தரையில் நடக்க அதைவிட மோசமானதும் கிடையாது. அதனால் தண்ணீரை விட்டு எழாமலே ஏறி உட்காரும்படி, அழுகிய பாசியையும் தண்டையும் குவித்து, நாலு சம்புத் தண்டைப் பற்றிக்கொண்டு மிதக்கும் ஒரு குப்பை மேட்டைக் கட்டிக்கொள்கிறது. கரையிலிருந்து பார்த்தால் குப்பை மாதிரியே தெரியும். சம்புக்குப் பின்னால் இருந்தால் அதுவும் தெரியாது. அதனால்தான் படகு.

படகும் ஆட்களும்

கோவளம் பக்கம் ஒருவர் விற்ற பழைய ஃபைபர் கேனோ. 14 அடி நீளம், இரண்டு பேர் உட்காரலாம், மங்கிய பச்சை நிறம். குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவந்து, ஏரியில் மீன் பிடிக்கும் அண்ணன் ஒருவரின் வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்தோம். ஏரியின் மீன் குத்தகையை ஏலம் எடுத்தவரின் சம்மதமும் அந்த அண்ணனின் துணையும் இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு. அவருக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். கேனோ எல்லாம் அவருக்கு வேடிக்கை. தெர்மாகோல் பலகைகளைச் சாக்கில் சுற்றிக் கட்டிய தெப்பத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முப்பது வருஷமாக ஜிலேபியும் விராலும் பிடிக்கிறார்.

நாங்கள் மூன்று பேர். நான் பின்னால் துடுப்பு. முன்னால் கேமராவோடு கல்லூரி மாணவர் ஒருவர். தம்பி என்றே சொல்கிறேன். மூன்றாமவர் கல்லூரி ஆசிரியை, எங்கள் தோழி. அவருக்குத் தண்ணீர் ஆகாது. கரையில் குடையின் கீழ் தொலைநோக்கியை முக்காலியில் வைத்துக்கொண்டு, மணியும் நிமிஷமும் போட்டுக் குறிப்பு எழுதுவார். படகில் இருக்கும் எங்களுக்குத்தான் 'உண்மையான' காட்சி கிடைக்கிறது, கரையில் எழுதுவது கணக்குக்காக என்ற நினைப்பு எனக்கு உள்ளூர இருந்தது. அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜூன் மாதம் முழுக்க உப்பங்கழியில் பயிற்சி எடுத்தோம். பயிற்சி எல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான்: சத்தம் வராமல் போவது. துடுப்பைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல், தண்ணீருக்குள்ளேயே விளிம்பைத் திருப்பி மறுபடி முன்னே கொண்டுவரும் துடுப்பு வலிக்கும் முறை ஒன்று இருக்கிறது. சொட்டுச் சத்தம்கூடக் கேட்காது. விலா எலும்புக்கு மேலே ஒரு வாரம் வலிக்கும். பழகிய பிறகு மீன்கொத்திக்குப் பத்தடி பக்கத்தில் போய் நிற்க முடிந்தது. பெருமைப்பட்டுக்கொண்டோம்.

நடந்தது

கூட்டைக் காட்டியவர் அண்ணன்தான். ஜூலை முதல் ஞாயிறு. "அந்தாண்ட முங்கற வாத்து ஒண்ணு குந்தினு இருக்குது பாரு தம்பி" என்று சம்பின் விளிம்பைக் காட்டினார். அன்று எட்டத்திலிருந்தே பார்த்துத் திரும்பினோம்.

புதன் அன்று வழி தேர்ந்தெடுத்தோம். தேர்ந்தெடுத்தது கேமரா. காலை வெயில் முதுகுப் பக்கம் இருந்தால்தான் படம் நன்றாக வரும் என்றார் தம்பி. கிழக்கிலிருந்து வர வேண்டுமானால் சம்புக்கு நடுவே ஒரு சந்து இருந்தது, படகு அகலத்துக்குக் கொஞ்சம் கூட. அதன் வழியே வந்தால் வெளிச்சமும் சரி, பறவையின் கண்ணில் படாமலும் வரலாம். சந்தின் வாயிலிருந்து கூட்டுக்கு 60 அடி. வந்தோம். கூட்டில் பறவை இல்லை. மூன்று முட்டை தெரிந்தது. இரண்டாவது ஞாயிறு அதே வழி. நான்கு முட்டை. இரண்டு சுண்ணாம்பு வெள்ளை, இரண்டு டீக் கறை பிடித்த மாதிரி. இட்டபோது வெள்ளையாக இருக்கும் முட்டை, நனைந்த பாசி பட்டுப் பட்டு நாளாக ஆகப் பழுப்பேறும். அந்த வித்தியாசத்தை வைத்து எது முன்னால் இட்டது என்றுகூடப் படகில் உட்கார்ந்து பேசினோம். இருபது நிமிஷம் நின்றோம். பறவை எங்கள் கண்ணில் படவே இல்லை. "இரை தேடப் போயிருக்கும்" என்று நான் சொன்னேன்.

மூன்றாவது ஞாயிறு நடந்ததை என் குறிப்பிலிருந்து எடுத்தால் இவ்வளவுதான்: சந்து வழி வந்தோம், பறவை இல்லை, நான்கு முட்டையும் இருந்தன, பதினாறு நிமிஷம் நின்றோம், திரும்பினோம். நல்ல வெளிச்சம்.

அதே காலையைக் கரையிலிருந்து எழுதியது வேறு மாதிரி இருக்கிறது. தோழியின் கையெழுத்தில் உள்ளபடியே தருகிறேன்:

6:31. பறவை கூட்டில். கொக்கு ஒன்று அருகே இறங்கியது. எழவில்லை.
6:52. படகின் மூக்கு சந்துக்கு வெளியே வந்தது. அதே நொடி பறவை தண்ணீரில் விழுந்து முங்கியது. மூடவில்லை.
6:53. படகு நின்றது.
6:58. பறவை 150 அடி தள்ளிக் கண்ணில் பட்டது. தலை மட்டும் வெளியே. படகைப் பார்த்தபடி.
7:09. படகு சந்துக்குள் திரும்பியது.
7:13. காக்கை காட்டாமணக்குக் கொம்பில்.
7:16. காக்கை கூட்டின் மேல். ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு கரைப் பக்கம்.
7:20. இரண்டு காக்கைகள்.
7:34. பறவை கூட்டுக்குத் திரும்பியது. ஏறவில்லை. சுற்றியது.

7:16க்கும் 7:20க்கும் இடையில் அவர் என்னை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். என் போன் தண்ணீர் புகாத பைக்குள், சைலன்ட்டில் இருந்தது. சத்தம் வரக் கூடாது அல்லவா.

மாலை அண்ணன் பார்த்துவிட்டு வந்து, கூடு காலி என்றார்.

காக்கை மட்டுமா?

முட்டையைத் தூக்கியது காக்கை என்பதில் சந்தேகம் இல்லை. ஒன்றைக் கண்ணால் பார்த்தோம், மற்றதை ஊகிக்கலாம். ஆனால் நிகழ்வு ஆய்வு என்று எழுத உட்கார்ந்தால் 'காக்கை தின்றது' என்பதோடு முடித்துவிட முடியாது. காக்கை அந்த ஏரியில் எப்போதும் உண்டு. அந்த ஞாயிறு மட்டும் கூடு ஏன் அதன் கண்ணில் பட்டது?

தண்ணீர் மட்டத்தை முதலில் சந்தேகித்தோம். வெள்ளி இரவு இடியோடு நல்ல மழை; சென்னையில் ஜூலை மாதத்து மாலை மழை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மதகுப் படியில் நாலு விரல் அளவு தண்ணீர் ஏறியிருந்தது. கட்டிப்போட்ட கூடாக இருந்திருந்தால் மூழ்கியிருக்கும். இது மிதக்கும் கூடு. தண்டைப் பற்றியபடியே மேலே ஏறிவிட்டது. சனிக்கிழமை பறவை அதில் உட்கார்ந்திருந்ததைத் தோழியே பார்த்திருக்கிறார். நாய் அவ்வளவு ஆழத்துக்கு வராது. நீர்க்கோலிப் பாம்பு அந்தச் சம்பில் நிறைய உண்டு. அதன் தீனி மீனும் தவளையும். தூண்டில் போடும் பையன்கள் அந்த மூலைக்கு வருவதில்லை.

மிச்சம் இருப்பது நாங்கள்.

அதையும் சட்டென்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அண்ணனின் தெப்பம் அதே கூட்டுக்கு 30 அடி பக்கத்தில், தினமும், இரண்டு முறை போகிறது. நாங்கள் 60 அடியில் நின்றதற்கே பறவை இப்படிப் பதறினால், அவர் 30 அடியில் போகும்போது என்ன ஆகியிருக்க வேண்டும்? அதோடு, அவர் பின்னாலேயே காக்கைகள் வரும். வலையிலிருந்து கழித்துப் போடும் பொடி மீனுக்காக. நான்கைந்து காக்கைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மனிதர் தினமும் கூட்டைக் கடக்கிறார். கூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்தமே இல்லாமல் வாரத்துக்கு ஒரு முறை வரும் நாங்கள் எப்படிக் குற்றவாளி?

இதற்கு விடை கரைக் குறிப்பேட்டில் இருந்தது. தோழி எங்களுக்காக மட்டும் எழுதவில்லை, தெப்பம் போன நேரத்தையும் எழுதியிருந்தார். ஒன்பது முறை தெப்பம் கூட்டைக் கடந்ததைப் பார்த்திருக்கிறார். எட்டு முறை ஒரே கதை: தெப்பம் இன்னும் நூறு அடிக்கு மேல் தள்ளி இருக்கும்போதே பறவை எழுந்து நிற்கிறது, அலகால் பக்கத்துப் பாசியை மூன்று நான்கு தடவை இழுத்து முட்டைமேல் போடுகிறது, நழுவி இறங்குகிறது. தெப்பம் கடந்து நாலைந்து நிமிஷத்தில் திரும்பி வந்து பாசியை விலக்கிவிட்டு உட்காருகிறது. ஒரு முறை எழவே இல்லை. காக்கைகள் கூட்டின் மேலே பறந்து போகின்றன. அவற்றின் கண்ணுக்கு அது ஏரியில் மிதக்கும் ஆயிரம் குப்பையில் ஒன்று.

நாங்கள் போன மூன்று முறையும் குறிப்பில் ஒரே சொல்: மூடவில்லை.

இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, நான் வர்றது அதுக்கு அந்தாண்டையே தெரிஞ்சிடும். மீனை வலைக்கு வெரட்ட கழியால பட்டு பட்டுன்னு தண்ணியத் தட்டிக்கினே வர்றேன். அது மெதுவா எந்திரிச்சு, மூடிட்டு, எறங்கிப் போவும். நீங்க இன்னாடான்னா திருடன் மாதிரி வர்றீங்க. பெத்தவ எந்திரிச்சு ஓடாம இன்னா பண்ணுவா?"

முக்குளிப்பானில் ஆண், பெண் இரண்டும் மாறி மாறி அடைகாக்கும் என்று சொல்ல வாய் திறந்தேன். அது இப்போது முக்கியமா என்று பட்டது, மூடிக்கொண்டேன்.

மூடுவதற்குத் தேவைப்படுவது சில நொடி. பறவைக்கு அந்தச் சில நொடி கிடைப்பது, வருகிறவனை எவ்வளவு தூரத்தில் பார்க்கிறது, கேட்கிறது என்பதைப் பொறுத்தது. வெட்டவெளியில், ஒரே பாதையில், ஒரே வேகத்தில், சத்தம் போட்டுக்கொண்டு வருகிறவன் எங்கே போகிறான் என்று பறவை கணக்குப் போட்டுவிடுகிறது. சம்புக்குள்ளிருந்து 60 அடியில் திடீரென்று முளைக்கிற நீளமான பச்சை உருவத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பதுங்கி வருவது வேட்டையாடும் மிருகத்தின் நடை. நாங்கள் ஒரு மாதம் உழைத்துப் பயின்றது அதைத்தான்.

இன்னொரு செய்தி உண்டு, கொஞ்சம் கசப்பானது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 2ஆம் பிரிவில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுக்கும்போது காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதை மட்டும் சொல்லவில்லை. முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் அதற்குள்ளேயே சேர்க்கிறது. துப்பாக்கி வேண்டாம், கவண் வேண்டாம், கேமரா போதும். இதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் படங்களை அவர் இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

பவுடர் டப்பா

முதல் கூடு போய்விட்டால் முக்குளிப்பான் மறுபடி கட்டும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் பழைய இடத்திலிருந்து 40 அடி தள்ளி, சம்பின் வெளி விளிம்பில், ஜோடி பாசி இழுத்துக்கொண்டிருந்தது. அதே ஜோடி என்று நம்புகிறோம்; அந்த மூலையில் வேறு ஜோடியை யாரும் பார்க்கவில்லை.

கேனோவை அடியோடு நிறுத்திவிடலாம் என்றார் தோழி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அண்ணன்தான் மறுத்தார். தெப்பம் போகும்போது போகாத கூடு, படகு போனால் மட்டும் போய்விடுமா, போகிற மாதிரி போங்கள் என்றார். கடைசியில் இப்படி முடிவானது: கரைதான் முதல் கண். படகு வாரத்துக்கு ஒரு முறை, அண்ணனின் தெப்பம் போகும் அதே தடத்தில், அதே நேரத்தில், மதகுப் பக்கத்திலிருந்து வெட்டவெளியாக. கூட்டுக்கு எதிரே நிற்பது கிடையாது. கடந்து போவது மட்டும். கடக்கும்போது கண்ணில் பட்டது பட்டதுதான். சந்தில் நுழைவது இல்லை. வெயில் முகத்தில் அடித்தது, படங்கள் எல்லாம் கரிய நிழலாக வந்தன. போன் மணி முழுச் சத்தத்தில்.

சத்தத்துக்கு என்ன செய்வது? தண்ணீரைக் கழியால் தட்டலாம் என்றால் கேனோ ஆடுகிறது. அண்ணன் வீட்டில் கிடந்த காலிப் பால் பவுடர் டப்பா ஒன்றைக் கயிற்றில் கட்டிப் படகின் மூக்கில் தொங்கவிட்டார் தம்பி. மதகுப் படியை விட்டதுமே ஒரு கரண்டியால் டொக் டொக் என்று நிதானமாகத் தட்ட ஆரம்பிப்பார். வேகம் கூட்டக் கூடாது, நிறுத்தக் கூடாது. கூட்டைக் கடந்து நூறு அடி போகும் வரை அதே தாளம். கரையில் மாடு மேய்க்கும் பையன்கள் முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாவது வாரம் நாங்கள் இறங்குவதற்கு முன்பே "டப்பா வண்டி வந்துடுச்சு" என்று கத்தினார்கள். பழக்கப்படுத்துவதுதான் நோக்கம் என்பதால் அதையும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

முதல் முறை டப்பாச் சத்தத்துக்குப் பறவை தெப்பத்துக்கு எழுவதை விடச் சீக்கிரமாகவே எழுந்தது. தூரம் 250 அடி இருக்கும் என்பது தோழியின் கணிப்பு. ஆனால் மூடியது. திரும்பி உட்கார 11 நிமிஷம். அடுத்த வாரம் 7 நிமிஷம். அதற்கடுத்த வாரம் நாங்கள் பக்கத்தில் வந்த பிறகே எழுந்து, மூடி, இறங்கி, 5 நிமிஷத்தில் திரும்பிவிட்டது. படகிலிருந்து நாங்கள் பார்த்தது, ஈரமான பாசிக் குவியல் ஒன்று. முட்டை எத்தனை என்று எங்களுக்குத் தெரியாது. குறிப்பேட்டில் அந்த இடத்தில் "தெரியவில்லை" என்று எழுதி, அதற்கு அடிக்கோடு போட்டார் தம்பி.

பாசி மூடி இருப்பது ஒளித்து வைக்க மட்டும் அல்ல. ஆகஸ்ட் காலை எட்டு மணிக்கே ஏரியின் மேல் வெயில் எப்படி இருக்கும் என்று படகில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். நிழல் இல்லாத தண்ணீரில், மூடாத முட்டை அரை மணி நேரம் கிடந்தால் காக்கை வராவிட்டாலும் கெட்டுப்போக வாய்ப்புண்டு. ஜூலையில் நாங்கள் நின்ற இருபது நிமிஷங்களை இப்போது அப்படியும் படிக்க வேண்டியிருக்கிறது.

இலைக்கோழிக்கு இது செல்லவில்லை

டப்பா எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. அதே ஏரியின் அல்லிப் பக்கத்தில் நீளவால் இலைக்கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. அங்கே கணக்கே வேறு.

இலைக்கோழியில் அடைகாப்பது ஆண் மட்டும். பெண் ஓர் ஆணுக்கு நான்கு முட்டையை இட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். கூடு என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. இலைமேல் கொஞ்சம் ஈரத் தண்டு, அவ்வளவே. முட்டையை மூடும் வழக்கமும் இல்லை. அதன் பாதுகாப்பு முட்டையின் நிறம்: நனைந்த வெண்கலம் மாதிரி பளபளக்கும் கரும்பழுப்பு, பாசிக்கு நடுவே கண்ணுக்குச் சிக்காது. பக்கத்தில் ஆபத்து என்று பட்டால் ஆண் தள்ளி ஓடி, இறக்கை ஒடிந்த மாதிரி அடித்துக்கொண்டு நம்மைத் திசை திருப்பப் பார்க்கும்.

டப்பாச் சத்தம் கேட்டதும் இந்த ஆண் வெகு தூரத்திலேயே எழுந்து நடக்க ஆரம்பித்தது. படகு கண்ணில் இருக்கும் வரை திரும்பவில்லை. முக்குளிப்பானுக்குக் கொடுத்த முன்னறிவிப்பு இதற்கு வெறும் நீண்ட காத்திருப்பாக ஆகிவிட்டது, முட்டை வெயிலில். இரண்டாவது முறை போன மறுநாள் காலை கரையிலிருந்து பார்த்தால் பழைய இலையில் முட்டை இல்லை. எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. மதியத்துக்கு மேல்தான் தோழி கண்டுபிடித்தார்: சில அடி தள்ளி இன்னோர் அல்லித் திட்டில் ஆண் உட்கார்ந்திருந்தது, அடியில் முட்டைகள். அலகுக்கும் மார்புக்கும் இடையே முட்டையை இடுக்கி நகர்த்தும் வழக்கம் இலைக்கோழிக்கு உண்டு என்று படித்திருந்தோம். நகர்த்தும் அளவுக்கு அதைத் துரத்தியது யார் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்றோடு அல்லிப் பக்கம் படகு போவது நின்றது. அந்தக் கூட்டின் மிச்சக் கதை முழுக்கக் கரையிலிருந்து எழுதியது: ஆகஸ்ட் கடைசியில் நீளக் கால் விரலோடு மூன்று குஞ்சுகள் இலைமேல் நடந்தன. செம்பருந்து தலைக்கு மேல் வந்தபோது மூன்றும் அசையாமல் அப்படியே இலையோடு இலையாகப் படுத்துக்கொண்டன.

நீலத் தாழைக்கோழியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. சம்புக்குள்ளிருந்து எக்காளம் ஊதுவது போலக் கத்தும். போனால் உள்ளே போய்விடும். அதன் கூட்டை நாங்கள் தேடவில்லை.

ஒரு கூட்டை இழந்ததையும் இன்னொரு கூட்டில் ஒழுங்காக நடந்ததையும் வைத்து எவ்வளவு சொல்லலாம் என்று தோழி கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டாவது கூடு சம்பின் வெளி விளிம்பில் இருந்தது, பார்வை தூரம் அதற்குக் கூடுதல், அதுவும் உதவியிருக்கும். காக்கைகளின் குஞ்சுகள் ஆகஸ்டில் வளர்ந்து பறந்துவிட்டதால் அவற்றின் பசியும் குறைந்திருக்கலாம். இதையெல்லாம் கழித்தாலும் மிஞ்சுகிற ஒன்று உண்டு: ஒன்பது முறை தெப்பம், மூன்று முறை பதுங்கிய படகு, நான்கு முறை டப்பா கட்டிய படகு. மூடாமல் ஓடியது நடுவில் உள்ள மூன்றில் மட்டும்.

கடைசிப் பக்கங்கள்

செப்டம்பர் இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கரையிலிருந்து தோழி போன் செய்தார். முக்குளிப்பானின் முதுகில் ஏதோ அசைகிறது என்றார். வரி வரியான முகத்தோடு ஒரு குஞ்சு, தாயின் இறக்கைக்குள்ளிருந்து தலையை நீட்டியது. வியாழன் அன்று மூன்று. ஒன்று முதுகில் ஏறியிருக்க, துணைப் பறவை தன் இறகையே பிடுங்கிக் குஞ்சின் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தது. முக்குளிப்பான் தன் குஞ்சுக்கு இறகு ஊட்டும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. மீன் முள் வயிற்றைக் குத்தாமல் இருக்க அது உதவும் என்கிறார்கள். அண்ணன் மட்டும் "ஆமா, தெரியுமே" என்றார்.

அந்த வார ஞாயிறு படகை எடுக்கவில்லை. குஞ்சுகள் தண்ணீரில் இருக்கும்போது அந்த மூலைக்கு வேலை இல்லை. பத்து நாள் கழித்து, குடும்பம் மொத்தமும் மதகுப் பக்கம் போய்விட்ட பிறகு, டப்பா தட்டிக்கொண்டே ஒரு முறை கடந்தோம். கூடு பாதி கரைந்திருந்தது. பாசி விலகிய ஓரத்தில் ஒரு முட்டை, டீயில் ஊறிய நிறத்தில், பொரியாமல் கிடந்தது. அப்போதுதான் இரண்டாவது கூட்டிலும் நான்கு முட்டை என்று தெரிந்தது. தொடவில்லை.

அக்டோபர் மூன்றாவது வாரம் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. கலங்கலில் தண்ணீர் வழிந்த அன்று போய்ப் பார்த்தபோது சம்பின் விளிம்பு தண்ணீருக்கு அடியில் இருந்தது. கேனோ அண்ணன் வீட்டு வாசலில் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் மேல் அவர் வலை காயப் போட்டிருக்கிறார். டப்பாவை அவிழ்த்துப் புழு போட்டு வைக்க எடுத்துக்கொண்டார். ஜூனில் வேறு டப்பா பார்க்க வேண்டும்.